ஜெர்சிக்குக் காசு இருக்கிறது, பயிற்றுவிப்பாளருக்கு?



ஹட்டன் பக்கம் மென்பந்துச் சுற்றுப்போட்டி வருகிறது என்றால் ஒரு பட்டியலும் கூடவே வரும். ஜெர்சி, கேடயம், ஒலிபெருக்கி, மதியச் சாப்பாடு. ஆசிரியர்கள் நாங்களும் எங்களால் ஆனதைக் கொடுக்கிறோம். அந்தப் பட்டியலில் பயிற்றுவிப்பாளர் என்று ஒரு வரியை இதுவரை நாங்கள் கண்டதில்லை.

சம்பக்க ராமநாயக்கவை இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் இலங்கைக்கு வேகப்பந்து வீசியவர். 18 டெஸ்ட், 44 விக்கெட். முரளிதரனின் 800க்குப் பக்கத்தில் வைத்தால் இது ஒரு கணக்கே இல்லை. ஆனால் அவருடைய பெரிய வேலை விளையாட்டை விட்ட பிறகுதான் தொடங்கியது. இலங்கை அணிக்கும் பங்களாதேஷ் அணிக்கும் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். அதைவிட, லசித் மாலிங்கவைக் கண்டெடுத்தவர் அவர்தான்.

மாலிங்க காலிக்குப் பக்கத்தில் ரத்கமவில் கடற்கரை மணலில் மென்பந்து விளையாடி வளர்ந்த பையன். கை தலைக்கு மேலே போகாது, கவண் சுற்றுவதுபோல் பக்கவாட்டில் வரும். நம்மில் யாராவது பார்த்திருந்தால் "கையைத் தூக்கிப் போடுடா" என்றுதான் கத்தியிருப்போம். ராமநாயக்க பையனைக் காலி கிரிக்கெட் கழகத்துக்கு அழைத்தார், அந்தக் கையை மாற்றவில்லை. 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அடுத்தடுத்த 4 பந்தில் 4 விக்கெட் எடுத்தது அதே கைதான். பிற்பாடு மாலிங்கவும் ஐ.பி.எல். அணிகளுக்குப் பந்துவீச்சுப் பயிற்றுவிப்பாளரானார்.

முரளி கதை இதற்கு நேர் எதிர். பாடசாலையில் அவர் மிதவேகப் பந்துதான் வீசினார். 14 வயதளவில் சுழலுக்கு மாறச் சொன்னவர் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோ. ஒருவர் மாற்றச் சொன்னார், மற்றவர் மாற்றாமல் விட்டார். எந்தப் பிள்ளைக்கு எது என்று பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும் என்கிறோம்.

"முரளி நம்ம ஆள், திறமை இருந்தால் தானாக வரும்" என்று சிலர் சொல்வார்கள். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர் என்பது உண்மை. ஆனால் முரளி லயத்தில் வளரவில்லை. தகப்பன் பிஸ்கட் தொழிற்சாலை நடத்தினார், பிள்ளை கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தார். அங்கே கடினபந்து இருந்தது, சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. நம் பிள்ளைகள் சரிவான மைதானத்தில் வீசுகிறார்கள், பந்து தேயிலைக்குள் போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. கடினபந்தின் தையலில் விரல் வைத்துப் பிடிக்காமலே பலர் ஓ.எல். முடித்து கொழும்புக் கடைகளுக்குப் போய்விடுகிறார்கள்.

கேட்பது பெரிதல்ல. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடினபந்து விளையாடி ஓய்ந்த ஒரு பந்துவீச்சாளர், வாரத்தில் ஒரு பின்னேரம். வெள்ளி ஜும்ஆ, ஞாயிறு அறநெறியும் கோயிலும் சேர்ச்சும், ஆகவே சனிக்கிழமை. (டியூஷன் சேர்மார் மன்னிக்கவும்.) பஸ் காசும் கைக்கு ஒரு தொகையும், ஆறு பந்து, ஒரு விரிப்பு. பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். யோக்கர் பழக ஸ்டம்புக்கு முன்னால் ஒரு சோடி சப்பாத்து வைத்தால் போதும், மாலிங்கவும் அப்படித்தான் பழகினார்.

புது ஜெர்சி போட்டால் பிள்ளைகளின் முகம் மலர்வதை நாங்களும் பார்த்திருக்கிறோம், அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் போன வருட ஜெர்சி இன்னும் கிழியவில்லை. வரும் கூட்டத்தில் பட்டியலை வாசிக்கும்போது அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி எழுந்து கேட்கப் போகிறோம். கூட இரண்டு பேராவது எழுந்து நில்லுங்கள்.