கழற்றிய கையே பூட்டட்டும்

கல்வி என்பது கண்ணாலும் செவியாலும் மட்டும் பெறுவதன்று, கையாலும் பெறுவது. ஆயினும், பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளையின் கையில் எண்ணெய்க் கறை படிவதை இழுக்கென எண்ணும் மனப்போக்கு நம்மிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. அம்மனப்போக்கு எனக்கும் இருந்தது. அதைப் போக்கியது எங்கள் வீட்டுக் கொல்லையில் கிடந்த பழைய ஜீப் ஒன்று.

பண்ருட்டி என்றவுடன் பலாவும் முந்திரியும் நினைவுக்கு வரும். மழைக்காலத்தில் தோப்புப் பாதைகளில் சாதாரண வண்டிகள் சேற்றில் புதைந்து நின்றுவிடும். நான்கு சக்கரங்களும் சேர்ந்திழுக்கும் ஜீப்பே அங்குக் கை கொடுக்கும். அதற்காகவே என் தந்தையார் ஒரு ஜீப்பை வைத்திருந்தார். 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலில் இவ்வட்டாரத்துத் தோப்புகள் சாய்ந்தன. எங்கள் பலாமரம் ஒன்று அந்த ஜீப்பின் மீதே விழுந்தது. அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் அது துருவேறிக் கிடந்தது.

காயலான் கடைக்காரர் எடைக்கு விலை பேசிய அன்று, கல்லூரியில் பயிலும் என் மகன், "விற்க வேண்டாம், நானே சரிசெய்கிறேன்" என்றான். "படிக்கிற பிள்ளைக்குப் பட்டறை வேலை எதற்கு?" என்று நான் கடிந்துகொண்டேன். நெய்வேலிச் சுரங்கப் பணிமனையில் உழைத்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர்தாம் குறுக்கிட்டார். "தம்பி, கழற்றுவது யாராலும் ஆகும். கழற்றிய கையே திரும்பப் பூட்ட வேண்டும். சம்மதமென்றால் நான் வருகிறேன்" என்றார்.

அந்த வண்டியின் வரலாறே ஒரு பாடம். இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. இந்தியாவில் அவ்வகை வண்டிகளைப் பூட்டி விற்ற நிறுவனம் 1945இல் 'மகிந்திரா அண்டு முகம்மது' என்ற பெயரில் தோன்றியது. அதன் பங்காளர்களுள் ஒருவரான குலாம் முகம்மது, பிரிவினைக்குப்பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' என மாறியது. நாடு இரண்டான வரலாறு ஒரு வண்டியின் பெயர்ப்பலகைக்குள்ளும் அடங்கியிருக்கிறது.

வேலை தொடங்கியது ஸ்பானரோடு அன்று, காகிதத்தோடு. பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தோம். பிறகு, ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் படமெடுத்து, ஒவ்வொரு நட்டுக்கும் சீட்டெழுதிக் கட்டினான் மகன். நெடுநாள் ஓடாத எஞ்சினை உடனே முடுக்கினால் பிஸ்டனும் சிலிண்டரும் கீறிப்போகும். ஆதலின் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் விட்டு ஊறவைத்து, கையாலேயே மெல்லச் சுழற்றினார்கள். சிலிண்டர் கடைசலை லேத்துப் பட்டறைக்கே அனுப்பினோம். வீட்டில் செய்யத்தக்கது எது, செய்யத்தகாதது எது என்று அறிவதும் ஒரு கல்வியே.

முன்சக்கர இழுவையைத் தார்ச்சாலையில் ஏன் போடலாகாது என்பதையும் அப்போதுதான் நான் அறிந்தேன். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் செல்லும் தொலைவு வேறு. பின்சக்கரங்கள் செல்லும் தொலைவு வேறு. மணலிலும் சேற்றிலும் சக்கரம் சற்று வழுக்கி அவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். இறுகிய சாலையில் அவ்வழியின்மையால் பற்சக்கரங்களும் தண்டுகளும் முறுக்கேறி உடையும். இதை நூலில் படித்திருந்த என் மகன், தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்த பின்னரே விளங்கிக்கொண்டான்.

ஒருநாள் பிரேக் வேலை முடிந்தது. ஒரு சக்கரத்தில் மட்டும் எண்ணெய் இலேசாகக் கசிந்தது. "மெதுவாகத்தானே ஓட்டப்போகிறோம், பரவாயில்லை" என்றான் மகன். பெரியவர் ஒன்றும் பேசவில்லை; கருவிகளைத் துடைத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிரவு மகன் உண்ணவில்லை. மறுநாள் காலை அவர் வந்தபோது நான்கு சக்கரங்களும் கழற்றிக் கிடந்தன. 'பரவாயில்லை' என்ற சொல்லை அதன்பின் அவனிடம் நான் கேட்டதில்லை.

இன்று பழைய ஜீப்பைச் 'சீர்செய்தல்' என்ற பெயரில் பெருஞ்சக்கரமும் வேறு எஞ்சினும் வைத்து உருமாற்றும் மோகம் பரவியிருக்கிறது. தயாரித்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்சநீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021 ஜூலையில் நடுவண் அரசு வகுத்த தனி விதிகளும், சேசிஸும் உடற்கூடும் எஞ்சினும் பெருமளவு மாறாதிருக்க வேண்டும் என்றே சொல்கின்றன. சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உள்ளதை உள்ளவாறு மீட்பதற்குப் பணிவு வேண்டும். நமக்கு முன் அதைச் செய்தவன் எண்ணியதை நாம் அறிய முயலவேண்டும்.

செலவு மிகுதி என்பர், உண்மை. புகை மிகுதி என்பர், அதுவும் உண்மை. நாள்தோறும் ஓட்டுவதற்கு அந்த வண்டி ஏற்றதன்று. நாங்கள் மீட்டது ஊர்தியை மட்டுமா? முப்பதாண்டு உழைத்த ஒரு தொழிலாளியின் அறிவு அவரோடு முடிந்துபோகாமல் ஓர் இளைஞனின் கைக்கு வந்து சேர்ந்ததே, அதற்கு விலையுண்டா?

கோவை ஜி.டி. நாயுடு பள்ளிப்படிப்பு மிகுதியாகப் பெற்றவர் அல்லர். இளமையில் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, ஆங்கில அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டிக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தோடு தொழில் தொடங்கியவர் பின்னாளில் பெரும் தொழில் மேதையானார். அவருக்கு முதற் பள்ளி ஒரு பழைய வண்டிதான்.

நெய்வேலியில் 1957இல் சுரங்கம் வெட்டத் தொடங்கிய நாள்முதல் எத்தனையோ தொழில்வல்லார் இவ்வட்டாரத்தில் வாழ்ந்து ஓய்வு பெற்றிருக்கின்றனர். அவர்கள் திண்ணையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகளோ நட்டும் போல்ட்டும் அறியாமல் பட்டம் பெறுகிறார்கள். கல்லூரிகள் அப்பெரியவர்களை ஆண்டுக்குச் சில நாளேனும் அழைத்து, பழைய எஞ்சின் ஒன்றை மாணவர் கையால் பிரித்துப் பூட்டச் செய்யலாம். கலைப்பிரிவு மாணவருக்கும் இது வேண்டும். பெற்றோர் செய்யத்தக்கது அதனினும் எளிது: பிள்ளை கறைபட்ட கையோடு வீட்டுக்குள் வரும்போது கடிந்துகொள்ளாமல், கை கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தால் போதும்.

எங்கள் ஜீப் இப்போது ஓடுகிறது. முதன்முறை அது உறுமியபோது ஓட்டுநர் இருக்கையில் என் மகனை அமர்த்திவிட்டு, அருகில் அமர்ந்தவர் அந்தப் பெரியவர். நான் பின்னால் அமர்ந்தேன். அன்று எனக்குரிய இடம் அதுவே.