சென்சாருக்கு 4,000 கொடுப்போம், கண்டுபிடித்தவனுக்கு 300 கொடுக்க மாட்டோம்



போன வாரம் குடும்பக் குழுவில் ஒரு வாக்குவாதம் நடந்தது. பாதிப் பேர் படித்திருப்பீர்கள். அங்கே இரண்டு வரியில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். என்னிடம் படித்து இன்று ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும். கொஞ்சம் நீளம்தான், 45 நிமிட பீரியட் எடுத்துப் பழகிய ஆள் நான்.

விஷயம் என் அக்கா மகனின் கார். பெட்ரோல் வண்டி, டர்போ இல்லாதது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, மேட்டில் இழுவை இல்லை. ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். பி0107 என்று கோடு வந்தது. "மேப் சென்சார் போயிருச்சுங்க" என்று சொல்லிப் புதிது போட்டார்கள், 4,000 ரூபாய். விளக்கு அணைந்தது. மாப்பிள்ளைக்கும் சந்தோஷம். 12-ஆம் நாள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

அந்தக் கோடு உண்மையில் என்ன சொல்கிறது? மேப் சென்சாரிலிருந்து வரும் சிக்னல் வோல்டேஜ் அளவுக்குமேல் குறைந்துவிட்டது என்கிறது. அவ்வளவுதான். ஏன் குறைந்தது என்று அது சொல்லவில்லை. சென்சார் செத்திருக்கலாம். அதற்கு வர வேண்டிய 5 வோல்ட் வராமல் இருக்கலாம். சிக்னல் ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டிருக்கலாம். கணக்கில் 12 மார்க் என்று இருந்தால் பையன் மக்கு என்று அர்த்தமா? கண்ணாடி இல்லாமல் போர்டே தெரியாத பிள்ளைகளை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மேப் சென்சாரின் வேலை ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. ஊசி போடும் சிரிஞ்சின் முனையை விரலால் அடைத்துக்கொண்டு பின்னால் இழுத்துப் பாருங்கள், விரலை உள்ளே உறிஞ்சும். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் இழுக்கும், காற்று போதாது, உள்ளே அழுத்தம் குறையும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. சாவியைத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜின் ஓடாதபோது மேனிஃபோல்டுக்குள் இருப்பதும் வெளியில் இருப்பதும் ஒரே காற்றுதானே? ஆகவே ஸ்கேனரில் அந்த ஊரின் காற்றழுத்தம் வர வேண்டும். சென்னையில் சுமார் 101 கிலோபாஸ்கல். கோவையில் 96, 97. ஊட்டியில் 77 பக்கம். 1648-இல் பாஸ்கல் தன் அக்கா கணவரிடம் பாதரசக் குழாயைக் கொடுத்து பிரான்சில் பூய் தெ தோம் மலைமேல் ஏறச் சொன்னாரே, உயரே போகப் போகப் பாதரசம் இறங்கியதே, நினைவிருக்கிறதா? மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு ஏறும் ஒவ்வொரு காரும் அதே சோதனையைச் செய்துகொண்டுதான் போகிறது.

கோவையில் நின்றுகொண்டு சாவியை மட்டும் போட்டால் 96-க்குப் பதில் 40 என்று காட்டுகிறதா? ஏதோ தப்பு. சென்சாரா, ஒயரா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். 96 சரியாகக் காட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்து சும்மா நிற்கும்போது 30, 40 வர வேண்டிய இடத்தில் 60 காட்டுகிறதா? அவசரப்பட்டு சென்சாரைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். எங்கோ ஹோஸ் கிழிந்தோ கேஸ்கெட் வழியாகவோ காற்று புகுந்திருக்கும், அல்லது டைமிங் தவறியிருக்கும். அங்கே சென்சாரை மாற்றினால் புதுசும் அதே 60-ஐத்தான் காட்டும். (டீசல்காரர்கள் இந்த 30, 40 கணக்கைப் பிடித்துக்கொண்டு பயப்பட வேண்டாம். டீசலில் சும்மா நிற்கும்போதும் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்தான் இருக்கும்.)

கோடு விழுந்த பிறகு சில வண்டிகளில் கம்ப்யூட்டரே உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டுக்கொள்ளும். ஸ்கேனரில் தெரிவது சென்சார் சொன்னதா, கம்ப்யூட்டர் ஊகித்ததா என்று தெரியாது. அதனால்தான் மல்டிமீட்டர் வேண்டும்.

இரண்டாவது முறை மாப்பிள்ளை போனது என் பழைய மாணவனிடம். அவன் சென்சாரைத் தொடவே இல்லை. பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு ஒயராகப் பார்த்தான். எர்த் சரி. 5 வோல்ட் வரும் ஒயரிலும் 5 வோல்ட் வந்தது. பிறகு ஒயர்க் கட்டைப் பிடித்து மெல்ல அசைத்தான். 5 பூஜ்யமானது, திரும்ப 5 ஆனது. ஒரு பிராக்கெட்டின் ஓரத்தில் உரசி உரசி, மேலுறை பார்க்க நன்றாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருந்தது. வெட்டி, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, உரசாத மாதிரி கட்டிவிட்டான். முக்கால் மணி நேர வேலை.

முதல் தடவை விளக்கு ஏன் அணைந்தது என்று குழுவில் கேட்டீர்கள். கோடை அழித்தால் விளக்கு அணையும், பழுது திரும்ப வரும்வரை. அதோடு சென்சார் மாற்றும்போது பிளக்கைக் கழற்றி மாட்டுகிறார்கள். அந்த அசைவில் அறுந்த ஒயர் தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டிருக்கும். "மாத்தினதும் சரியாச்சே" என்பது அதனால் பல நேரம் சாட்சியே ஆகாது.

இப்போது சண்டைக்கு வருகிறேன். அவன் கேட்டது 300 ரூபாய். மாப்பிள்ளை குழுவில் போட்டது: "ஒரு ஒயரை ஒட்டுனதுக்கு முந்நூறா மாமா? உங்க ஸ்டூடண்டுனுதானே போனேன்!" 4,000 கொடுத்தபோது இந்தக் கேள்வி வரவில்லை. அப்போது கையில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது.

சென்சாரை மாற்றியவர்களை நான் திருடர்கள் என்று சொல்ல மாட்டேன். முக்கால் மணி நேரம் மீட்டரோடு குனிந்து நின்றால் அதற்கு நாம் காசு தருவதில்லை. பொருள் போட்டால்தான் பில் போட முடியும், அதில்தான் அவர்களுக்கு நாலு காசு. அப்படி இருக்கும்போது யார் ஒயரைத் தேடுவார்கள்? சாயங்காலமே வண்டி வேண்டும் என்று உட்கார்ந்திருப்பவர்களும் நாம்தான். பழைய பொருளைக் கழற்றிப் புதிதை மாட்டுவதையே தொழிலாக ஆக்கியதில் நம் பங்கு பெரியது. டாக்டர் மாத்திரை எழுதாமல் "ஒன்றுமில்லை, போங்கள்" என்றாலும் ஃபீஸ் கொடுத்துவிட்டுத்தானே வருகிறோம்?

உறவுகளிடம் ஒன்று கேட்கிறேன். வண்டியை விடும்போதே "பார்த்துச் சொல்ல எவ்வளவுங்க?" என்று கேட்டுப் பேசிவிடுங்கள். சென்சார் மாற்ற வேண்டும் என்றால், மாற்றும் முன் எந்த எண்ணைப் பார்த்தீர்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஒர்க்‌ஷாப் பிள்ளைகளே, நீங்கள் அந்த எண்களைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள்: சாவி போட்டபோது இத்தனை, ஓடும்போது இத்தனை, 5 வோல்ட் வந்ததா, எர்த் சரியா. கீழே "சோதனைக் கூலி" என்று தனி வரி போடுங்கள், கூச்சப்படாமல். 5 வோல்ட்டும் எர்த்தும் சிக்னல் ஒயரும் சரியாக இருந்தும் எண் அசையவில்லை என்றால், தாராளமாக சென்சாரை மாற்றுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

மாப்பிள்ளை நேற்று அந்த 300-ஐ ஜிபே செய்துவிட்டான், கூடவே ஒரு கோபமான ஸ்மைலியும். பரவாயில்லை.

ஸ்கேனரோ ஓபிடி டாங்கிளோ வைத்திருப்பவர்கள் காலையில் வண்டியை எடுக்கும் முன் சாவியை மட்டும் திருப்பி, வரும் எண்ணை ஊர்ப் பெயரோடு கமெண்டில் போடுங்கள். கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறையில் இருப்பவர்கள் கட்டாயம் போட வேண்டும். பெங்களூருவில் இருப்பவர்களுக்கு 91 பக்கம் வரும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், பார்ப்போம்.