சொல்லாமல் வரட்டும் ஆய்வுக் குழு

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்துக்காரர்களுக்கு அதிகாரிகளின் ஆய்வு எப்படி நடக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குழு கிளம்பிவிட்டது என்ற செய்தி குழுவுக்கு முன்பாகவே பட்டாசு ஆலைகளுக்கு வந்துவிடும். மரத்தடியில் காய்ந்துகொண்டிருந்த சரக்கு மறையும். அறையில் அளவுக்கு மேல் உட்கார்ந்திருந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்படுவார்கள். சில ஆலைகள் அன்று பூட்டியே கிடக்கும். 2012 செப்டம்பர் 5-ல் 38 உயிர்களைப் பறித்த முதலிப்பட்டி ஆலை, விதிமீறலுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும் இயங்கிய ஆலை. குற்றம் கண்டுபிடிக்கப்பட்டும் கதவு மூடப்படவில்லை.

விபத்துக்குப் பிறகு முதலில் கைதாகிறவர்கள் போர்மேனும் மேலாளரும். சம்பளத்துக்கு வேலை பார்க்கும் அவர்கள் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டு, ரிமாண்ட் செய்யப்பட்டு, சிறைக்குப் போகிறார்கள். வீட்டில் திரி சுற்றியதற்காகப் பிடிபடுகிறவர்களுக்கும் அதே வழிதான். அந்த லாக்கப்பையும் கிளைச் சிறையையும் யார் ஆய்வு செய்கிறார்கள்? சொல்லிவிட்டு வருகிறார்களா, சொல்லாமல் வருகிறார்களா? இந்தக் கேள்வியை ஆலைகளைப் பற்றி மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம்.

பக்கத்து ஊரான கோவில்பட்டியின் கிளைச் சிறை இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 2020 ஜூன் 19-ல் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் மறுநாள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். 22-ம் தேதி இரவு மகனும், விடிவதற்குள் தந்தையும் இறந்தார்கள். காவல் நிலையத்திலிருந்து சிறைக் கொட்டடி வரை அவர்கள் கடந்து வந்த வழியில் சட்டம் ஒவ்வொரு படியிலும் ஒரு காவலை வைத்திருந்தது. அரசு மருத்துவமனை உடல்தகுதிச் சான்று தர வேண்டும். நீதித்துறை நடுவர் நேரில் பார்த்து, அடித்தார்களா என்று கேட்க வேண்டும். சிறை அதிகாரி காயங்களைப் பார்த்துப் பதிந்துகொள்ள வேண்டும். எல்லாத் தாள்களிலும் கையெழுத்து விழுந்தது. இரண்டு பேரையும் எந்தக் கையெழுத்தும் காப்பாற்றவில்லை.

பிறகு நடந்தது அதைவிடக் கவலை தருவது. விசாரிக்கப் போன கோவில்பட்டி நடுவர் பாரதிதாசனையே காவலர்கள் அவமதித்தார்கள். கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் அன்றன்றே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அவர் கண்டார். தடயங்களைக் காப்பாற்ற, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் கொண்டுவரும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட நேர்ந்தது. கேமரா இருந்தும் காட்சி இல்லாத அந்த வழக்கில், அன்றிரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி துணிந்து சொன்ன சாட்சியம்தான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. சட்டம் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு பெண்ணின் தைரியம் செய்தது. எல்லா நிலையத்திலும் ஒரு ரேவதி இருப்பார் என்று நம்பிக்கொண்டு அரசு நடத்த முடியாது.

அதே ஆண்டு டிசம்பர் 2-ல், பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகள் 18 மாதம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அதில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் உள்ளாட்சித் தலைவர் ஒருவரும் இடம்பெறும் மாவட்டக் கண்காணிப்புக் குழு, யாரும் புகார் கொடுக்காவிட்டாலும் பதிவுகளைப் பார்த்து, வெளியே வராத மனித உரிமை மீறல்கள் உண்டா என்று தேட வேண்டும். ஐந்தாண்டு ஆகப்போகும் நிலையில், 2025 செப்டம்பரில், ராஜஸ்தானின் காவல் மரணங்களைப் பற்றிய செய்தியைப் படித்து உச்ச நீதிமன்றமே தானாக இந்த விஷயத்தை மறுபடி கையில் எடுக்க வேண்டியிருந்தது.

கேமராவால் மட்டும் தீராது என்பதற்கு மடப்புரம் சாட்சி. 2025 ஜூனில் கோயில் காவலாளி அஜித்குமார் அடிபட்டது லாக்கப்பில் இல்லை. கோயிலுக்குப் பின்புறம் அவரை அடித்ததை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்தார். அந்தக் காணொளி இல்லாமல் போயிருந்தால் அவரும் இன்னொரு 'வலிப்பு' மரணக் கணக்கில் சேர்ந்திருப்பார். ஆகவே ஆய்வுக்கு வருகிறவர்கள் லாக்கப்பை எட்டிப் பார்த்தால் போதாது. இன்றைக்கு யாரைக் கூட்டி வந்தீர்கள், அவர் இப்போது எங்கே என்று கேட்க வேண்டும். கைதானவர்களின் பெயரையும் குற்றத்தையும் ஒவ்வொரு நிலையத்திலும் எழுதிவைக்க வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ம் பிரிவே சொல்கிறது.

சிறைகளுக்குப் பார்வையாளர் குழு என்ற ஏற்பாடு பழையது. அதிகாரிகளோடு, அரசு சாராதவர்களும் அதில் இருக்க வேண்டும். ஆனால், வேலூரில் ஆயுள் கைதி ஒருவரை உயரதிகாரி வீட்டு வேலைக்கு அழைத்துப் போய் அடித்ததாக 2024-ல் எழுந்த புகார் எந்தப் பார்வையாளர் வழியாகவும் வெளியே வரவில்லை. அவருடைய தாய் உயர் நீதிமன்றத்தின் படியேறிய பிறகே வந்தது.

வெளியாட்கள் நுழைந்தால் விசாரணை கெடும், போலீசாரின் மனவுறுதி குலையும் என்பார்கள். 1981-ன் பிரிக்ஸ்டன் கலவரத்துக்குப் பிறகு பிரிட்டனில் சாதாரணக் குடிமக்கள் இருவர் இருவராக, எந்த நேரத்திலும், சொல்லாமல் காவல் நிலையத்துக்குள் போய்க் கைதிகளோடு பேசுகிறார்கள். 2002-ல் அது சட்டமாகவே ஆனது. அதனால் அந்த நாட்டில் துப்புத் துலக்குவது நின்றுவிடவில்லை. அண்டையிலுள்ள இலங்கையில்கூட, 1996-ன் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒருவரைப் பிடித்தால் 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்குச் சொல்ல வேண்டும். நடைமுறையில் அங்கே குறைகள் ஏராளம். என்றாலும் கடமை எழுத்தில் இருக்கிறது. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997-ல் கையெழுத்திட்ட இந்தியாவோ இன்றுவரை அதை ஏற்புறுதி செய்யவில்லை.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. மாவுக்கட்டோடு நிற்கும் கைதியின் படம் வந்தால் கைதட்டுகிறோம். கழிப்பறையில் வழுக்கி விழுந்தார் என்பதை நம்பாமலே ரசிக்கிறோம். அந்தக் கைதட்டல் தரும் தெம்பில்தான் அடுத்த கை முறிகிறது. நாளை ஒரு ஆலை வெடித்து, நம் தெருவின் போர்மேன் அதே லாக்கப்பில் உட்கார்ந்திருக்கும்போது நம் கோபத்துக்குப் பயன் இருக்காது.

விருதுநகர் மாவட்டக் கண்காணிப்புக் குழு கடைசியாக எந்தத் தேதியில், எந்தக் காவல் நிலையத்தின் பதிவைப் பார்த்தது, என்ன கண்டது என்பதை ஆட்சியர் மாதந்தோறும் வெளியிட வேண்டும். சிறைப் பார்வையாளர்களின் பெயர்கள் சிறை வாசலில் தொங்க வேண்டும். அவர்களில் ஒருவராவது பட்டாசுத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் அமர்ந்திருக்கும் மாவட்ட நீதித்துறை, ரிமாண்டுக்கு வரும் ஒவ்வொருவரையும் போலீசாரை வெளியே நிறுத்திவிட்டுப் பேசச் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் புதிய சட்டம் தேவையில்லை. ஆட்சியர் முதல் பட்டியலை இந்த மாதமே வெளியிடட்டும். வெளியிடாவிட்டால், பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதுங்கள்.