சேற்று டயரும் தார்ச்சாலை வீரமும்

நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியை வாங்கிய மறுவாரமே அதற்குச் சேற்று டயர் மாட்டுவது நம் ஊர்களில் ஒரு சடங்காகிவிட்டது. ஜீப்புக்கு டயர்தான் மீசை என்கிறார்கள். மீசை வைப்பது அவரவர் விருப்பம். ஆனால் பிறரும் செல்லும் சாலையில் அதை முறுக்குவது குறித்து நமக்குக் கடுமையான மறுப்பு உண்டு.

முதலில் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வோம். நாமும் மாட்டினோம். பொள்ளாச்சியிலிருந்து கல்லூரிக்கு அன்றாடம் தார்ச்சாலையில் போய்வரும் நமக்கு, வால்பாறையின் எஸ்டேட் பாதைகள் வாய்ப்பது ஆண்டுக்கு நான்கைந்து முறைதான். அதற்காக ஐந்து டயர்களையும் மாற்றினோம். 'தேயவே தேயாது சார்' என்றார் கடைக்காரர். 2023 ஜூலை மழையில், ஆழியாறு நோக்கி இறங்கும் 40 கொண்டை ஊசி வளைவுகளுள் ஒன்றில், முன்னே சென்ற பேருந்து நின்றது. நாம் பிரேக்கை மிதித்தோம். வண்டி வழுக்கிக்கொண்டே சென்று, ஒரு முழ இடைவெளியில் நின்றது. பேருந்தின் பின்னிருக்கையில் பள்ளிப் பிள்ளைகள் அமர்ந்திருந்தார்கள்.

காரணம் எளியது. சேற்று டயரின் பட்டன்களுக்கிடையே அகன்ற இடைவெளி விடுவது, புகுந்த சேறு சுழற்சியில் வெளியே எறியப்படுவதற்காக. அதே இடைவெளி, தார்ச்சாலையைத் தொடும் ரப்பரைக் குறைக்கிறது. ஈரத்தில் பிடிப்புக் குறைந்து, நிற்கும் தூரம் நீள்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயிற்றே என்பீர்களாயின், அந்த ஏற்பாடு இழுப்பதற்கு மட்டுமே. நிறுத்தும்போது எளிய காருக்கும் நான்கு சக்கரங்கள்தாம்.

'தேயாது' என்பதும் பொய். உயர்ந்த தனித்தனிப் பட்டன்கள் கெட்டிச் சாலையில் நெளிந்து, ஏறுமாறாகத் தேய்கின்றன, இரைச்சல் வளர்கிறது. எடை கூடுவதால் மைலேஜ் விழுகிறது. அழகுக்காக அளவையும் கூட்டுவோர் உண்டு. 245/75 ஆர்16 இருந்த இடத்தில் 265/75 ஆர்16 மாட்டினால் டயரின் விட்டம் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுகிறது; வேகமானி அதே விகிதத்தில் முன்னைவிடக் குறைத்துக் காட்டும்.

அப்படியானால் நீடித்து உழைப்பது எது? கல் கிழிப்பது பெரும்பாலும் பக்கச்சுவரைத்தான். எனவே பட்டனின் முரட்டுத் தோற்றத்தைப் பார்க்கும் முன் பக்கச்சுவரின் அடுக்குகளைக் கேளுங்கள். அங்கே பொறித்த நான்கு இலக்கங்களைப் படியுங்கள்: 2324 எனில் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் பிறந்த டயர். கடையில் கிடந்து கிழடான டயரைப் புதிது என்று வாங்காதீர்கள். வண்டிக்குரிய சுமைக் குறியீட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். சேற்றிலும் மணலிலும் காற்றைக் குறைத்தால், தார்ச்சாலை ஏறியதும் நிரப்புங்கள். குறைந்த காற்றில் விரைந்தால் டயர் சூடேறிச் சாகும். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டமே அனுமதிப்பதில்லை. மழைக்காலத்தில் அதுவரை காத்திருப்பதும் அறிவீனம்.

அன்றாடம் சேற்றில் உழல்வோருக்குச் சேற்று டயரே தகும். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. தார்ச்சாலையை விட்டு இறங்காதவருக்கு நெடுஞ்சாலை டயர் போதும். இரண்டுக்கும் நடுவே வாழும் நம் போன்றோருக்கு 'ஆல் டெரைன்' எனும் வகை இருக்கிறது. திணை மயக்கத்துக்குத் தொல்காப்பியரே இடம் தந்தபோது, டயரில் அதை ஏற்க நமக்கென்ன கூச்சம்?

ஆண்டின் 360 நாள் ஓடும் சாலைதான் டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சிய ஐந்து நாளில் எடுக்கும் புகைப்படம் அல்ல. நாம் அந்தச் சேற்று டயர்களைக் கழற்றிவிட்டோம். பாதி விலைதான் கிடைத்தது. மீசை போயிற்று; பிரேக் பிடிக்கிறது. மறுப்போர், முதல் மழையில் ஒரு மலைச்சாலையை இறங்கிவந்து மறுக்கட்டும்.