ஏழு இருக்கை வண்டி யாருக்காக?

புறநோயாளர் பிரிவின் கதவுகள் திறப்பதற்கு வெகுநேரம் முன்பே, நம் மருத்துவமனையின் முன்வாயிலில் வெளியூர் வண்டிகள் வந்து நிற்கத் தொடங்கிவிடுகின்றன. கம்பம், தென்காசி, இராமநாதபுரம், நாகர்கோவில் என்று இரவிலேயே புறப்பட்டு மதுரையை வந்தடைபவை அவை. வாடகை வண்டிகள் ஒருபுறமிருக்க, சிகிச்சை தொடங்கிய பின்னர்க் குடும்பத்தார் ஆளுக்குக் கொஞ்சமாகப் பணம் போட்டு வாங்கிய பழைய ஏழு இருக்கை வண்டிகளையும் அங்கே நிறையவே காண்கிறோம்.

நோயாளர் நலப் பிரிவில் பணிபுரியும் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுள் இதுவும் ஒன்று: "குறைந்த விலையில் பெரிய வண்டி ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாமா?" நாங்கள் வண்டி வணிகம் அறிந்தவர்கள் அல்லர். ஆயினும், வண்டியிலிருந்து நோயாளி இறங்குவதை நாள்தோறும் அருகில் நின்று பார்ப்பவர்கள். அந்த அனுபவத்தைக் கொண்டு எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். எத்தனை பேர் ஏறலாம் என்று பார்த்து வண்டி வாங்காதீர்கள். நோயாளி எப்படி ஏறுவார் என்று பார்த்து வாங்குங்கள்.

இடுப்பில் செயற்கை மூட்டு பொருத்தப்பட்ட ஓர் அம்மையாரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவருடைய மகன்கள் மூவரும் சேர்ந்து, மூத்த மருமகளின் சங்கிலியை அடகு வைத்து, உயரமான ஒரு பழைய வண்டியை வாங்கினார்கள். என்ஜினில் குறையில்லை, விலையும் நியாயமானதே. ஆனால் வண்டியின் தரை அம்மையாரின் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. இரண்டு மகன்களும் ஒரு பேரனுமாக அவரைத் தூக்கித்தான் உள்ளே வைக்க வேண்டியிருந்தது. முதல் மறுபரிசோதனைக்கு அவ்வாறு வந்து சென்றார். அடுத்த இரண்டு தவணைகளுக்கும் வரவில்லை. "உடம்பு தேறிவிட்டது, இனி வேண்டாம்" என்று வீட்டாரிடம் சொல்லிவிட்டாராம். பின்னர் நம் செவிலியர் தொலைபேசியில் பேசியபோதுதான் காரணம் வெளிப்பட்டது. "வலிகூடப் பரவாயில்லம்மா. பேரன் இடுப்பைப் பிடிச்சுத் தூக்குறப்ப சேலை விலகுது. தெருவே நின்னு பாக்குது."

வண்டி வாங்குவதற்கு முன் அவரை ஒருமுறை அதன் அருகே நிறுத்திப் பார்த்திருந்தால் அந்தச் சங்கிலி வேறு ஒன்றுக்குப் பயன்பட்டிருக்கும். பிறகு ஊர்த் தச்சர் ஒருவர், இரு பாதங்களும் ஊன்றுகோலும் ஒருசேர நிற்கும் அளவுக்கு அகலமான மரப்படி ஒன்றைச் செய்து, மேலே இரப்பர் விரிப்பை ஆணியடித்துக் கொடுத்தார். பேரனுக்குப் பதிலாக மகள் கைகொடுத்தார். அம்மையார் மீண்டும் வரலானார்.

உயரம்தான் சிக்கல் என்றால் தாழ்வான வண்டியே நல்லது என்று எண்ணிவிட வேண்டாம். இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவர்கள் பலருக்கு, இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது என்று சில வாரங்களுக்கு மருத்துவர் அறிவுறுத்துவார். தாழ்ந்த இருக்கையில் அமரும்போது முழங்கால் இடுப்புக்கு மேலே எழும்பிவிடுகிறது. எழுந்திருப்பதோ அதைவிடக் கடினம். நோயாளி நேராக நிற்கும்போது அவருடைய பிட்டத்தின் அடிப்பகுதி இருக்கும் உயரமும், வண்டி இருக்கையின் உயரமும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதே சரியான அளவு. அப்போது அவர் வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, மெல்லப் பின்னால் சாய்ந்து அமர்ந்து, இரு கால்களையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொள்ளலாம். இருக்கையின் மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றை விரித்தால் திரும்புவது எளிது. அமர்ந்த பின் அதை உருவிவிட வேண்டும். முதல் தலைமுறை இன்னோவாவும் பொலேரோவும் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. ஆதலால் தரை உயரம். 2012இல் வந்த எர்டிகா கார்களைப் போல ஒரே கூடாக அமைந்தது, தரை தாழ்வு. ஈக்கோவின் பக்கக் கதவு நகர்ந்து திறப்பதால் குறுகிய சந்திலும் வழி அகலமாகக் கிடைக்கும். எனினும் ஏழு இருக்கை ஈக்கோக்கள் பல குளிரூட்டி இல்லாமலேயே விற்கப்பட்டவை.

அடுத்து அந்த மூன்றாம் வரிசை. ஏழு பேர் அமரும்போது, பின்னால் எஞ்சும் இடம் இரண்டு பைகளுக்கே போதும். மடக்கிய சக்கர நாற்காலியை வைக்க வேண்டுமானால் மூன்றாம் வரிசையை மடக்கியே ஆக வேண்டும். ஆக, நோயாளியோடு செல்லும் ஏழு இருக்கை வண்டி உண்மையில் ஐந்து பேர் வண்டிதான். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளும் குடும்பம் நல்ல நிலையிலுள்ள ஐந்து இருக்கை வண்டியையும் பார்க்கலாம். அதே பணத்துக்குப் புதிய ஆண்டின் வண்டி கிடைக்கக்கூடும். உறவினர் எழுவரும் வந்தாலும் வார்டுக்குள் அனுமதிக்கப்படும் உடனிருப்பவர் ஒருவரே. மற்ற அறுவரும் வாயிலில் காத்திருக்கிறார்கள். அல்லது "வந்ததுதான் வந்தோம்" என்று மீனாட்சியம்மனைத் தரிசிக்கச் சென்றுவிடுகிறார்கள். பரிசோதனை முடிந்த நோயாளி, வண்டி திரும்பும் வரை வெயிலில் அமர்ந்திருப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். தரிசனத்தைக் குறை கூறவில்லை. நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு இன்னொரு நாள் வரலாமே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

மூன்றாம் வரிசையில் நோயாளியை ஒருபோதும் அமர்த்த வேண்டாம். அது பின் அச்சுக்கு மேலேயோ அருகிலேயோ இருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையும் நேரே முதுகெலும்பில் இறங்கும். பெரும்பாலான வண்டிகளில் அங்குள்ள கண்ணாடியும் திறக்காது. குவாலிஸ், டவேரா போன்ற பழைய வண்டிகளின் பின்பக்கம் பட்டைவில்லின் மேல் நிற்பது. பாரம் ஏற்ற ஏற்ற அது நன்றாக ஓடும். இரண்டு பேரோடு காலியாகச் செல்லும்போது தூக்கித் தூக்கிப் போடும். முதுகு, வயிறு, இடுப்பு ஆகியவற்றில் அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சுருள்வில் பொருத்தப்பட்ட வண்டியே உகந்தது. எதுவாயினும், விலை பேசுமுன் ஊருக்குள் இருக்கும் மோசமான சாலையில், நோயாளி அமரப்போகும் இருக்கையில் நீங்கள் அமர்ந்து கால்மணி நேரம் சென்று பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பார்ப்பதால் பயனில்லை.

புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொள்பவர்களுக்கு வாடை ஒரு பெருந்துன்பம். குளிரூட்டியை இயக்கியதும் ஈரத்துணி போன்ற பூஞ்சை நாற்றம் வருமானால் வடிகட்டியை மாற்றி, உட்குழாயைத் தூய்மை செய்யாமல் நோயாளியை ஏற்றக் கூடாது. அவர்களின் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்கும் காலம் அது. விற்பவர் தொங்கவிட்டிருக்கும் மல்லிகை மணப் புட்டியை முதலில் கழற்றச் சொல்லுங்கள். அது எதை மறைக்கிறது என்பது பிறகு தெரியும்.

அந்த நாற்றத்துக்கு வெள்ளமும் காரணமாக இருக்கலாம். 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பரில் சென்னையும் பின்னர்த் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளும் மூழ்கியபோது, எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. அவற்றுள் சில துடைத்து மெருகேற்றப்பட்டு மலிவு விலைக்கு வரக்கூடும். இருக்கைப் பட்டையை முழுவதுமாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிமுனையில் சேற்றுக்கறை ஒளிந்திருக்கும். உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் துருவைத் தேடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். பட்டை ஆழமாக இருந்தாலும் பழைய டயரை நம்பி நெடுஞ்சாலையில் இறங்க வேண்டாம். வாடகைக்கு ஓடிய டி போர்டு வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றி விற்பதும் உண்டு. மானி காட்டும் கிலோமீட்டரை நம்பாமல், பிரேக் மிதியின் இரப்பர் தேய்மானத்தையும் ஸ்டீயரிங்கின் வழவழப்பையும் பாருங்கள். உங்கள் ஊர் மெக்கானிக் கைவைக்கத் தயங்கும் வண்டியை எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள். ஷெவர்லே நிறுவனம் 2017 இறுதியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திக்கொண்டது. ஆதலால் டவேரா, என்ஜாய் ஆகியவற்றைப் பார்ப்பவர்கள் உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பின்னரே முன்பணம் தர வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கேட்க வேண்டியது, வண்டி வேண்டுமா என்பதே. மருத்துவர் எழுதித் தந்த தவணைச் சீட்டை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு, போக வர நூறு கிலோமீட்டர் என்றால், ஆண்டுக்கு 15,600 கிலோமீட்டர். அந்தக் குடும்பத்துக்கு வண்டி வாங்குவதில் பொருளுண்டு. சிகிச்சை முடிந்ததும் தளர்ந்துபோகும் நோயாளிக்கு நன்றாகச் சாயும் இருக்கை கொண்டதாகப் பார்த்து வாங்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசோதனைக்காக 320 கிலோமீட்டர் வந்து செல்பவருக்கோ ஆண்டுக்கு 1,280 கிலோமீட்டர்தான். நான்கு நாள் வாடகைக்காக ஒரு வண்டியை வாங்கி, காப்பீடு கட்டி, வாசலில் வெயிலில் காய விடுவது எதற்கு? அமர்ந்து பயணிக்க முடிந்தவர்களுக்கு இரயிலும் இருக்கிறது. புற்றுநோய், டயாலிசிஸ், இதய அறுவை ஆகியவற்றுக்காகச் செல்வோருக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் இரயில்வே கட்டணச் சலுகை அளிக்கிறது. அதற்கான சான்றிதழ்ப் படிவத்தை எங்கள் மேசையில் கேட்டுப் பெறலாம்.

வாங்கத்தான் வேண்டும் என்று முடிவானால், கையில் மூன்று இலட்சம் உள்ளவர்கள் இரண்டரை இலட்சத்துக்குள் வண்டியைத் தேடுங்கள். எஞ்சியது பேட்டரி, டயர், பிரேக் ஆகியவற்றுக்குச் சென்றுவிடும். மருந்துக்கென வைத்த பணத்தை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் எப்.சி. காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதினான்கு வயதான வண்டி ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கு அதுவும் ஒரு விடை. ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருந்தால் 35ஆம் படிவம் இல்லாமல் பணம் தராதீர்கள். 29, 30ஆம் படிவங்களில் கையொப்பம் வாங்கிவிட்டு, பெயர் மாற்றத்தை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடவும் வேண்டாம். காப்பீட்டைப் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மேலும், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள சொந்த வண்டியில், உள்ளே அமர்ந்திருப்போருக்குப் பொதுவாக இழப்பீடு கிடைப்பதில்லை. நோயாளியையும் வீட்டாரையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு முழுமையான பேக்கேஜ் பாலிசியே வேண்டும். பிரீமியத்தில் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தும் இடம் அதுவன்று.

வண்டி பார்க்கச் செல்லும் நாளில் நோயாளியால் வர இயலுமானால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் முன்னிலையில் அவர் தயங்கக்கூடும். ஆகவே, ஏறி அமர்ந்த பின் தனியே கேளுங்கள். வர இயலாதவர்களுக்காக, நம் பிசியோதெரபி பிரிவில் நோயாளியை நிறுத்தி, அவருக்கு ஏற்ற இருக்கை உயரத்தை அளந்து சீட்டில் எழுதித் தருவார்கள். அந்தச் சீட்டையும் ஓர் அளவு நாடாவையும் எடுத்துச் சென்று, முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிவைத்து, தரையிலிருந்து அளந்து பாருங்கள்.