அபாயத்தை அணைக்கும் பொத்தான்

பழைய படைப்பு ஒன்றினிடம் திரும்பிப் போகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருவர் தம் பால்யத்தைத் தேடிப் போகிறார். படைப்பு அவருக்கு ஒரு சாக்கு. மற்றவர் படைப்பைத் தேடிப் போகிறார்; பால்ய நினைவு அவருக்கு இடைஞ்சல். வீடியோ விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் ரகம். அந்த நாளைய இன்பம், இப்போது இன்னும் சௌகரியமாக - இதுவே இவர்களுடைய விமர்சனத்தின் ஆதியும் அந்தமும். இவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. இவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, 'இதெல்லாம் ஒரு விஷயமா' என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இலக்கியக் கனவான்களோடும் உண்டு. இரண்டு தரப்பும் செய்வது ஒரே தவறு என்பது என் கட்சி.

சண்டைக்குக் காரணமான படைப்பு 'ஃபைனல் ஃபாண்டஸி 6'. 1994 ஏப்ரலில் ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம், தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் சூப்பர் ஃபாமிகாம் கருவிக்காக வெளியிட்டது. இயக்கியவர்கள் கிடாசே யோஷினோரி, இடோ ஹிரோயுகி. இசை உயெமட்சு நோபுவோ. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவில் அது 'ஃபைனல் ஃபாண்டஸி 3' ஆயிற்று. வரிசையில் முந்திய சில விளையாட்டுகள் அங்கே வந்திராததால் எண்ணையே மாற்றிவிட்டார்கள். 2006 இறுதியில் கேம் பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்கு ஒரு பதிப்பு. 2022இல் 'பிக்ஸல் ரீமாஸ்டர்' என்று புதுக்கிக் கணினிக்கும் கைபேசிக்கும் தந்தார்கள். 2023 ஏப்ரலில் அது நிண்டெண்டோ ஸ்விட்சுக்கும் வந்து சேர்ந்தது. கேம் பாய் பதிப்பையும் ஸ்விட்ச் பதிப்பையும் நான் அடுத்தடுத்து ஆடி முடித்தேன். இரண்டும் கையில் பிடித்து ஆடுபவை. ஆனால் இரண்டும் ஒரே படைப்பு என்று ஒப்புக்கொள்ள நான் தயாரில்லை.

கதையைச் சுருக்கிச் சொன்னால் அம்புலிமாமா சமாச்சாரம்தான். மாயசக்தி படைத்த ஜீவன்களைச் சிறைபிடித்து, அவற்றின் சக்தியை உறிஞ்சிப் படை நடத்தும் ஒரு சாம்ராஜ்யம். அதை எதிர்த்துச் சேரும் ஒரு சிறு கூட்டம். சாம்ராஜ்யத்தின் சேவகத்தில் கோமாளி வேஷமும் குரூரமுமாகக் கெஃப்கா என்று ஒருவன். கனவான் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடுவார். போகட்டும். அவர் போன பிறகு, பாதி விளையாட்டில், கெஃப்கா ஜெயித்துவிடுகிறான். உலகம் பிளக்கிறது. ஓராண்டு கழிந்து மறுபாதி தொடங்கும்போது நாம் பழகியிருந்த நிலப்படம் இல்லை. கூட்டம் சிதறிவிட்டது. யார் இருக்கிறார்கள், யார் போனார்கள் என்பது தெரியாது. மிச்சமெல்லாம் இடிபாட்டில் நடக்கிறது.

செலஸ் என்ற பெண் ஒரு தீவில் கண் விழிக்கிறாள். அங்கே அவளைத் தவிர இருப்பவர் சித் என்ற கிழவர் ஒருவர்தான். அவரைத் தாத்தா என்று அழைக்க ஆரம்பிக்கிறாள். அவர் படுத்துவிடுகிறார். கடலில் மீன் பிடித்து வந்து அவருக்குக் கொடுக்க வேண்டும். வேகமாக நீந்தும் மீன் நல்ல மீன். கைக்குச் சுலபமாக அகப்படும் மந்தமான மீன் அவர் உடம்புக்கு ஆகாது. இதை யாரும் நமக்குச் சொல்வதில்லை. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஓர் எண் குறைந்துகொண்டே இருக்கிறது. அது தீர்ந்தால் கிழவர் இறந்துபோகிறார். செலஸ் பாறை உச்சிக்கு ஏறிக் கடலில் குதிக்கிறாள். சாவு அவளை ஏற்கவில்லை. கரையில் கண் திறக்கிறாள். பக்கத்தில் ஒரு பறவை. அதன் உடம்பில் கட்டியிருக்கும் துணி அவள் அறிந்த ஒருவன் தலையில் கட்டியிருந்த துணி. உலகில் இன்னும் யாரோ இருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெப்பம் கிடைக்கிறது, தீவை விட்டுப் போகிறாள்.

நல்ல மீன்களாகப் பார்த்துக் கொடுத்தால் கிழவர் பிழைத்து எழுந்து, தெப்பம் இருக்கும் இடத்தைச் சொல்கிறார். செலஸ் விடைபெற்றுப் புறப்படுகிறாள். அவ்வளவுதான். பாறை இல்லை, பறவை இல்லை. சாமர்த்தியமாக ஆடியவருக்குக் கிடைப்பது ஒரு சப்பைக் காட்சி. தோற்றவருக்குக் கிடைப்பது படைப்பின் இருதயம். ஜெயிப்பதற்காகவே ஆடப்படும் ஒரு சாதனத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, தோல்விக்கு இப்படி ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கதைச் சுருக்கம் எழுதினால் இது அகப்படாது. ஏனென்றால் இது கதையில் இல்லை. எளிதாக அகப்பட்ட மீனைப் பிடித்த உங்கள் கையில் இருக்கிறது.

அந்தத் தீவில் இன்னொன்றும் உண்டு. இவ்வகை விளையாட்டில், நடந்து போகும்போது எந்த அடியில் என்று சொல்ல முடியாமல் பகை மிருகங்கள் எதிர்ப்பட்டுச் சண்டை மூளும். தீவிலும் மூள்கிறது. ஆனால் அந்த மிருகங்கள் ஏற்கெனவே சாகும் தறுவாயில் இருக்கின்றன. செலஸ் கத்தியைத் தொட வேண்டியதுகூட இல்லை. சும்மா நின்றால் போதும், தாமாகவே உயிர் வடிந்து விழுகின்றன. உலகம் அழிந்துபோயிற்று என்பதற்கு எந்தப் பாத்திரமும் பேசும் எந்த வசனத்தையும்விட இது பெரிய சாட்சி. பகைக்கும் தெம்பில்லாத ஓர் உலகம்.

உலகம் உடைவதற்குச் சற்று முந்திய இடத்தைப் பாருங்கள். அந்தரத்தில் மிதக்கும் நிலம் நொறுங்குகிறது. ஆறு நிமிடக் கெடு. ஷாடோ என்ற கூலிக் கொலையாளி நம்மைத் தப்பவிட்டுப் பின்னால் நின்றுவிட்டான். விளிம்புக்கு வந்ததும், குதிப்பதா, காத்திருப்பதா என்று கேள்வி. கெடுவின் கடைசிச் சில விநாடிகள் வரை காத்திருந்தால் அவன் வருவான். முன்னால் குதித்துவிட்டால் அவன் கதை அத்தோடு சரி. மறுபாதியில் எங்கே தேடினாலும் கிடைக்க மாட்டான். யாரும் நம்மைக் கடிந்துகொள்வதில்லை. விளையாட்டு பாட்டுக்குத் தொடர்கிறது. கூலிக்காரன் ஒருவனுக்காக எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்ற கேள்வியைப் பிரசங்கம் எதுவும் இல்லாமல், ஓடும் கடிகாரத்தைக் காட்டிக் கேட்கிறார்கள்.

மறுபாதி முழுவதும் இதே கேள்வியின் விஸ்தரிப்புதான். சேர்க்கக்கூடிய தோழர்கள் மொத்தம் 14 பேர். இடிந்த உலகில் கட்டாயமாக நம்மோடு வருபவர்கள் செலஸ், எட்கர், செட்ஸர் என்று மூவரே. ஆகாயக் கப்பல் கிடைத்ததும், வேறு யாரையும் தேடாமல் நேரே கெஃப்காவின் கோபுரத்துக்குப் போய்விடலாம். மோப்லிஸ் என்ற ஊரில், பெற்றோரைப் பறிகொடுத்த குழந்தைகளுக்குத் தாயாக, சண்டை போடும் வலு போய் உட்கார்ந்திருக்கிறாள் டெர்ரா. முதல் பாதியின் நாயகி என்று நாம் நினைத்திருந்தவள். அவளை அங்கேயே விட்டுவிடலாம். தடையில்லை. யாரைத் தேடிச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து முடிவுக் காட்சிகள் மாறுகின்றன. நட்பு கடமையாக்கப்படவில்லை; ஆகவே அதற்குப் பொருள் உண்டு.

இப்போது ஸ்விட்ச் பதிப்புக்கு வருகிறேன். படம் துல்லியம், இசை புதிது. கூடவே சில சலுகைகள். ஒரு பொத்தானைத் தட்டினால் வழியில் எதிர்ப்படும் சண்டைகள் நின்றுவிடும். சண்டையில் சேரும் அனுபவப் புள்ளிகளை நான்கு மடங்காக்கிக்கொள்ளலாம். சண்டையைத் தன்போக்கில் நடக்கவும் விட்டுவிடலாம். அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டுச் செலஸின் தீவில் நடந்து பார்த்தேன். மிருகங்கள் வரவில்லை. ஆகவே சாகவும் இல்லை. அழகான கடற்கரை. இடிந்த உலகம் முழுவதையும் இப்படியே சுற்றினேன், உல்லாசப் பிரயாணம்தான். இடிபாடு ஒரு காட்சிப் பொருளாகி, பக்கத்தில் ஒரு வழிகாட்டி நின்று விவரம் சொல்லாத குறைதான் பாக்கி. இதைத்தான் 'இறுதியான, சிறந்த வடிவம்' என்று கைதட்டுகிறார்கள் நமது சௌகரியவாதிகள்.

உடனே வரும் பதில் எனக்குத் தெரியும். பொத்தான் கட்டாயமில்லையே, உழைத்துக் களைத்து வருகிறவனுக்கு நேரம் ஏது, விரல் ஒத்துழைக்காதவர்களும் ஆட வேண்டாமா? நியாயமான கேள்விகள். பொத்தானைத் தட்டுகிறவர் மீது எனக்கு ஒரு புகாரும் இல்லை. கண் மங்கியவருக்காக ஒரு நாவலை ஒருவர் வாசித்துக் காட்டலாம். ஆனால் சில அத்தியாயங்களைத் தாண்டிவிட்டு, 'ஒன்றும் விட்டுப்போகவில்லை, சுவை கூடியிருக்கிறது' என்று சொல்வாரானால் அவர் பொய் சொல்கிறார். என் புகார் அந்தப் பொய்யின் மீது. விமர்சகன் என்று பெயர் வைத்துக்கொண்டிருப்பவன் எது போயிற்று என்பதைச் சொல்லக் கடமைப்பட்டவன். விற்பவனின் சலுகைப் பட்டியலைத் தன் மதிப்புரையாகத் திருப்பி ஒப்பிக்கிறவன் விளம்பர ஏஜண்டு.

பரீட்சை நோட்ஸ் போன்ற வழிகாட்டிகளின் கதையும் இதுவே. எந்த மீன், எத்தனை விநாடி, எந்த ஊரில் யார் - எல்லாவற்றுக்கும் விடை தயார். ஷாடோவுக்காகக் காத்திருப்பது அப்போது ஒரு காத்திருப்பே இல்லை. ரயில் வரும் நேரம் தெரிந்து பிளாட்பாரத்தில் நிற்பது. '14 பேரும் சேர்ந்தாயிற்று, நூற்றுக்கு நூறு' என்று பெருமைப்படுகிறவர் பதினான்கு சாமான்களைச் சேகரித்திருக்கிறார்.

பழையது என்பதாலேயே எதையும் பூஜிக்கச் சொல்கிறேன் என்று யாரும் திரிக்க வேண்டாம். 1994 பதிப்பில் அடியிலிருந்து தப்பும் திறனுக்கென்று ஓர் எண் இருந்தது. நிரல் பிழையால் அது வேலையே செய்யவில்லை. கேம் பாய் பதிப்பில் திருத்தினார்கள். திருத்த வேண்டியதுதான். அந்தக் கேம் பாய் பதிப்பும் லட்சியப் பதிப்பு இல்லை. திரை சிறுத்துவிட்டது, உயெமட்சுவின் இசை தகர டப்பாவுக்குள் புகுந்துவிட்டது. நடுவில் வரும் ஆபெரா காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஒலித் தடங்களும் 64 கிலோபைட் ஒலி நினைவகமும் கொண்ட மூல யந்திரத்தால் பாட முடியாது. குரல் போன்ற ஒரு நாதத்தை எழுப்பிப் பாட்டின் சொற்களைத் திரையில் காட்டினார்கள். கேட்டவர் தம் மனசுக்குள் பாடிக்கொண்டார். புதிய பதிப்பில் நிஜப் பாடகர்கள் பல மொழிகளில் பாடுகிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள். அதை வேறொரு கலைஞனின் வியாக்கியானம் என்று நான் மகிழ்ச்சியோடு ஏற்பேன். பிழை திருத்துவது ஒன்று, வியாக்கியானம் செய்வது ஒன்று. படைப்பு கேட்கும் கேள்வியை வாயடைத்துவிட்டு அதற்குச் சலுகை என்று பெயர் சூட்டுவது முற்றிலும் வேறு.

கைக்கருவியின் மீதும் எனக்குக் கோபமில்லை. கூடத்துத் தொலைக்காட்சியிலிருந்து இறங்கி ஒருவரின் கைக்குள் வந்ததால் இந்த விளையாட்டு புத்தகத்தின் அந்தரங்கத்தைப் பெற்றிருக்கிறது. நடுவில் நிறுத்தி வைத்துவிட்டு மறுநாள் தொடரலாம். கெஃப்காவுக்கு முன்னால் நின்று ஒவ்வொருவரும் தாம் எதற்காக உயிர் வாழ்கிறோம் என்று ஒரு வரி சொல்லும் இடத்தை, சத்தத்தைக் குறைத்து, தனியாக வாசிக்க முடிகிறது. நீங்கள் தேடிப் போகாதவர் அங்கே பேச மாட்டார். அந்த மௌனத்தை நீங்கள் கேட்டாக வேண்டும்.

இலக்கியக் கனவான் வசனத்தைப் படித்துவிட்டு அசட்டுத்தனம் என்கிறார். சௌகரியவாதி அதே வசனத்தைச் சீக்கிரம் படித்து முடிக்க வழி கேட்கிறார். இருவருக்கும் விளையாட்டு என்பது சண்டைகளால் இடையூறு செய்யப்படும் ஒரு கதை. அந்தக் கதை சுமார்தான், நானே சொல்வேன். செலஸின் தீவில், அடிக்கக் கை ஓங்காமல், எதிரே நிற்கும் மிருகம் தானாக விழுவதைப் பார்த்து நிற்க இருவருக்கும் பொறுமையில்லை. அதைப் பார்க்காதவர்கள் இந்தப் படைப்பைப் பற்றிப் பேசும்போது, வேறு எதைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.