விராலும் வீட்டுமனையும்

“தோட்டத்து வாழ்க்கை சொர்க்கம்யா! வாய்க்காலில் தூண்டில் போட்டோம், விரால் பிடித்தோம்.” ஈப்போ பக்கம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒரு கட்டுரை வாசிக்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

தூண்டிலின் அமைதியைப் புகழ்வது புதிதல்ல. ஐசக் வால்டனின் ‘தி கம்ப்ளீட் ஆங்லர்’ 1653இல் வந்தது. வால்டன் லண்டனில் கடை வைத்திருந்தவர். ஆற்றங்கரை அவருக்கு ஓய்வு. நம்ம ஆளுங்க குழம்புக்குப் போனாங்க. விடியுமுன் பெரட்டு, பிறகு பால்வெட்டு, மதியம் பால் நிறுவை. அதற்கப்புறம்தான் மண்புழுவும் மூங்கில் கழியும். கெளுத்தி சிக்கினால் மீன்கறி, இல்லாவிட்டால் கருவாடு.

அந்த இன்பம் பொய் என்று சொல்ல மாட்டேன். தக்கை அசையக் காத்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் கங்காணியின் குரல் எட்டாது. அதனால்தான் அவ்வளவு இனித்தது. பெரட்டையும் கங்காணியையும் விட்டுவிட்டு மீனை மட்டும் எழுதினால், அது தோட்டக் கம்பெனிக்கு நாம் போடும் இலவச விளம்பரம்.

லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். தோட்டங்கள் கைமாறியபோது, தலைமுறைகளாக அங்கே உழைத்த எத்தனையோ குடும்பங்கள் மனைகூட இல்லாமல் வெளியேறின. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களும் 1985இல் விலை சரிந்ததும் வரிசையாக மூடின. குட்டைகள் மட்டும் மிஞ்சின. முதலாளிகள் கிளம்பிய பிறகு கிடந்த அந்தப் பள்ளங்களில்தான் இன்று தூண்டில் போட்டு, ‘கிராமத்து அமைதி’ என்று படம் போடுகிறோம்.

மீன் பிடித்த கதையை எழுதுங்கள், தம்பிகளே, தங்கைகளே. விராலை ஒரு சாண் கூட்டியே சொல்லுங்கள், பரவாயில்லை. அந்த வாய்க்கால் ஓடிய நிலம் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் கூடவே எழுதுங்கள்.